ஏழாம் வளைவில் இறக்கிய கனம்

பெருங்கோம்பைக்குள் போவது ஒன்றும் பெரிய காரியமில்லை, பிரேக்கை விட்டால் சைக்கிளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வெளியே வருவதில்தான் இருக்கிறது பாடு. நாலு பக்கமும் மலை எழுந்து நிற்க, நடுவில் சட்டியின் அடி மாதிரி கிடக்கிற ஊர் அது. அங்கே பிறந்தவர்கள் பலாப்பழம் விற்கப் போனாலும், ரேஷன் கார்டில் பேர் சேர்க்கப் போனாலும், பாம்பு கடித்துப் போனாலும், பிள்ளைவலி கண்டு போனாலும், பதினொரு கொண்டை ஊசி வளைவு ஏறிக் கணவாயைத் தாண்டி, அதன்பிறகே மறுபக்கம் டவுனுக்கு இறங்க வேண்டும். பெரிய வண்டி எதுவும் அந்த வளைவுகளில் திரும்பாது. செல்போனுக்கு உயிர் வருவதும் கணவாயில்தான். அதனால் நெடுங்காலமாக அந்த ஊர் தன் நோயாளிகளை மூங்கில் கழியில் போர்வையைக் கட்டித் தூளியாக்கி, நாலு ஆண்கள் தோளில் சுமந்து, வளைவுக்கு வளைவு தோள் மாற்றி, கரையேற்றிக்கொண்டிருந்தது.

மாதையனின் மனைவி பெருமாயியும் அப்படித்தான் போனாள். இரண்டாவது பிள்ளைக்கு நாள் நெருங்கியிருந்தது, மூத்தவள் கோகிலாவுக்கு அப்போது மூன்று வயசு. கழியின் முன்முனைக்கு மாதையனே தோள் கொடுத்தார். ஏழாம் வளைவில் தோள் மாற்ற நின்றார்கள். ஒரு பீடி பற்றவைக்கிற நேரம்கூட இருக்காது. மறுபடி கழியைத் தூக்கியபோது தூளி முன்னைவிடக் கனத்தது, நாலு பேருக்கும் தெரிந்தது, நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை, கணவாய்வரை அந்தக் கனத்தைச் சுமந்து போன பிறகுதான் போர்வையை விலக்கிப் பார்த்தார்கள். மற்ற மூன்று பேரும் அன்றைக்கே கனத்தை இறக்கிவிட்டார்கள். மாதையனுக்கு மட்டும் அது வலத்தோளிலேயே தங்கிவிட்டது, அந்தத் தோள் இடத்தோளைவிட நாலு விரல் கீழே இறங்கிப்போனது, சட்டை தைக்கிறவன் அளவெடுக்கும்போதெல்லாம் டேப்பை இரண்டு தடவை பிடித்துப் பார்ப்பான்.

வயிற்றுச் சுமையோடு செத்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நாட்டுவது வழக்கம். அவளால் இறக்கிவைக்க முடியாததை வழிப்போக்கர்களாவது இறக்கிவைக்கட்டும் என்று, ஆள் உயரத்துக்கு இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு பலகைக்கல்லைப் படுக்கவைப்பார்கள். ஏழாம் வளைவில் பெருமாயிக்கும் வைத்தார்கள். தலைச்சுமைக்காரர்கள் யார் கையும் தேவைப்படாமல் கட்டை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் கல்லுக்கு ஒரே ஒரு முறைமை உண்டு, இறக்கிவைத்தவன் பொழுது சாய்வதற்குள் தன் சுமையைத் தானே எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். மாதையன் மட்டும் அந்தக் கல்லைத் தொட்டதில்லை, அந்த இடம் வந்தால் முகத்தைப் பள்ளத்துப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

இனி இந்த ஊரில் யாரும் தூளியில் போகக்கூடாது என்று அவருக்கு ஒரு வைராக்கியம். இருபது வருஷம் கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, கடைசியில் பழைய டீசல் அம்பாசடர் ஒன்றை வாங்கினார். எத்தனை கை மாறியதென்று அந்த வண்டிக்கே தெரியாது. சமதரையில் நன்றாகத்தான் ஓடியது. ஏற்றத்தில், நோயாளியையும் துணைக்கு ஒருவரையும் ஏற்றிவிட்டால், நாலாம் வளைவில் முக்கி ஐந்தாம் வளைவில் நின்றுவிடும், துணைக்கு வந்தவர் இறங்கித் தள்ளுவார், சில நேரம் நோயாளியும் இறங்கித் தள்ளுவார்.

டவுனில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த தாஜுதீனிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

"பாய், இதுக்குக் கொஞ்சம் பவர் ஏத்திக் குடுங்க."

"ஏத்தலாம்ணே. எஞ்சினைப் பிரிச்சு, சிலிண்டரைக் கடைஞ்சு போர் பண்ணி, பிஸ்டன் எல்லாம் புதுசு போட்டா குதிரை மாதிரி ஏறும்" என்று தாஜுதீன் ஒரு தொகையைச் சொன்னார். அதைக் கேட்டதும் மாதையன் போனட்டைத் தானே மூடினார்.

"அப்போ காசில்லாத வைத்தியம் பார்ப்போம்" என்றார் தாஜுதீன். அவர் நல்ல மனுஷர், வேலையில் ஏமாற்றத் தெரியாதவர். ஏர் ஃபில்டரைத் தட்டினார், அதிலிருந்து ஒரு கூடை மண் கொட்டியது. நாசிலைக் கழற்றிக் கழுவினார், வால்வுக்கு இடைவெளி வைத்தார், பம்பின் டைமிங்கை மயிரிழை முன்னே தள்ளினார், டயருக்குக் காற்றை ஏற்றினார். வண்டி ஆறாம் வளைவுவரை ஏறியது. ஏழாவதில் நின்றது.

"இனி சேர்க்க ஒண்ணுமில்லண்ணே, எடுக்கத்தான் முடியும். பவர் கூடணும்னா கனம் குறையணும், ரெண்டும் ஒரே கணக்குதான்."

மாதையன் எடுக்க ஆரம்பித்தார். மேல் கேரியர் போனது, முன் பின் பம்பர் போனது, ஸ்டெப்னி போனது, டிக்கிக் கதவு போனது, இரும்புச் சட்டத்தோடு பின் சீட்டைத் தூக்கிவிட்டு இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டார், வண்டியைப் பார்த்த ஊர் "எஞ்சினையும் எடுத்துட்டா இன்னும் லேசா இருக்குமே" என்று சிரித்தது. அப்போதும் ஏழாம் வளைவில் நின்றது.

கடைசியாக ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது தாஜுதீன் குனிந்து சக்கரத்துக்கு மேலிருந்த ஸ்பிரிங் பட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இறங்குங்கண்ணே."

மாதையன் இறங்கினார். வண்டியின் வலப்பக்கம் ஒரு சாண் மேலே எழுந்தது.

"ஏறுங்க."

ஏறினார். ஒரு சாண் இறங்கியது.

"உங்க எடை அம்பது கிலோ இருக்குமா? வண்டி நூத்திருபதுன்னு சொல்லுதே. உங்க மேல என்னமோ இருக்குண்ணே. அதுக்கு என்கிட்ட ஸ்பேனர் கிடையாது" என்றார் தாஜுதீன். ஆச்சரியமாகவெல்லாம் சொல்லவில்லை, கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

பங்குனியில் ஒருநாள் காய்ச்சலில் நினைவு தப்பிய ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்தார், ஏழாம் வளைவில் வழக்கம்போல வண்டி நின்றது, அவள் புருஷன் பின்னால் போய்த் தள்ளினான், அசையவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. மாதையன் இறங்கினார், இருபது வருஷமாக முகம் திருப்பிய இடத்தில் அன்று திருப்பத் தெம்பில்லாமல் போய், கல்லின்மேல் வலத்தோளைச் சாய்த்து ஒரு நிமிஷம் நின்றார். நிமிர்ந்தபோது தோளில் ஒன்றுமில்லை. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார், வண்டி ஆட்டுக்குட்டி துள்ளுவது மாதிரி எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஏறிக் கணவாயில் போய் நின்றது, அந்தப் பெண் பிழைத்தாள். மாதையன் அதை யோசித்துக்கொண்டு நிற்கவில்லை, டவுனில் இரண்டு டீ குடித்துவிட்டுத் திரும்பினார்.

ஊர்தான் யோசித்தது. முதலில் அவர் தோளைப் பார்த்தார்கள், பிறகு வண்டியைப் பார்த்தார்கள், பிறகு கல்லைப் பார்த்தார்கள். மாதையனின் அக்காள் அங்கம்மா, தாயில்லாத கோகிலாவை வளர்த்தவள், மூன்றாம் நாளே நடந்து போய்க் கல்லருகில் நின்றாள். அவளுடைய ஒரே மகன் போர்வெல் லாரியோடு வடக்கே போனவன், ஆறு வருஷமாகத் தகவலில்லை, தினம் சாயங்காலம் அவனுக்கும் சேர்த்து ஒரு தட்டு கழுவி வைப்பாள். கல்லில் தலையைச் சாய்த்தாள், எழுந்தாள், இறக்கத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். பிறகு யாரைத் தடுக்க முடியும்? ஓடைக்கரையில் குழந்தையைப் பறிகொடுத்தவள் வந்தாள், சொன்ன சொல் தவறியவன் வந்தான், சாட்சி மாற்றிச் சொன்னவன் யாரும் பார்க்காத நேரம் பார்த்து வந்தான், பக்கத்து மலைக்காரர்களும் வந்தார்கள், வரிசை நின்றது, வரிசைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையும் வந்தது.

முறை என்று ஒன்று இருக்கிறதே என்று சிலருக்கு உறுத்தல். ரேஷன் கடை வாசலில் ஊர் கூடியது. வார்டு மெம்பர் பச்சமுத்து எழுந்தார், அவருக்கும் அவர் அண்ணனுக்கும் வரப்புத் தகராறில் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

"எடுத்துக்கிட்டுப் போகணும்கிற முறை எதுக்கு? வெறகுக்கட்டுக்கு, நெல்லு மூட்டைக்கு. கண்ணுக்குத் தெரியிற சுமைக்கு. இது கண்ணுக்குத் தெரியுதா? தெரியலையில்ல? அப்போ எடுக்கவும் வேண்டாம்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது, எல்லோரும் தலையாட்டினார்கள், மாதையனும் ஆட்டினார். மறுநாள் பச்சமுத்து தன் கனத்தைக் கொண்டுபோய் இறக்கினார். அதன்பிறகு அண்ணன் எதிரே வந்தால், யாரோ தெரிந்த முகம் போலிருக்கிறதே என்று வணக்கம் வைத்தார்.

அந்தக் கோடை முழுக்கப் பெருங்கோம்பை லேசாக இருந்தது. எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள், சண்டை குறைந்தது, அம்பாசடர் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏறியது. அங்கம்மா தட்டு வைப்பதை நிறுத்தினாள், செத்தவர்களுக்கு ஆடியில் படையல் போடும் நாள் வந்தது, பாதி வீட்டில் இலை விரிக்கவில்லை, யாருக்கு விரிப்பதென்று ஞாபகமில்லை. ஏழாம் வளைவில் கல் நாளுக்கு ஒரு நூல் அளவு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார்கள், மழைக்கு மண் இளகியிருக்கும் என்றார்கள்.

ஆவணியில் கோகிலா வளைகாப்புக்கு வந்தாள். அவள் புருஷன் சேட்டு, திருப்பூரில் துணிபண்டல் டெம்போ ஓட்டுகிறவன், கொண்டுவந்து விட்டான். மணையில் உட்காரும் முன் அவள் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா எப்படிப் பொட்டு வெப்பாங்கன்னு சொல்லுங்கப்பா. ஒரு போட்டோகூட இல்ல. இன்னிக்கு அதே மாதிரி வெச்சுக்கணும்னு ஆசையா இருக்கு."

மாதையன் வாயைத் திறந்தார். பொட்டு வரவில்லை, நெற்றி வரவில்லை, அந்த முகமே வரவில்லை, பெருமாயி என்ற பேர் மட்டும் வாசலில் நிற்கிற அந்நியர் மாதிரி நின்றது. அங்கம்மாவைப் பார்த்தார். அவளும் விழித்தாள்.

"நெத்தியிலதான் வெப்பா" என்றார்.

கோகிலா பொட்டை நெற்றி நடுவில் வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். வளையல் சத்தத்தில் மாதையன் வண்டிப் பக்கம் போய், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழ வேண்டும் போலிருந்தது, அழுகை வரவில்லை, அதற்கான கனம்கூட அவரிடம் இல்லை. அது அவரைப் பயமுறுத்தியது.

ஐப்பசியில் மழை பிடித்தது. அதற்குள் கல் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது, அதைச் சுற்றி ரோடு தொட்டில் மாதிரி குழிந்தது, கீழே ஊரில் விட்ட பம்பரமும் உருண்ட எலுமிச்சையும் மேட்டை நோக்கி ஏறி ஏழாம் வளைவில் போய்த் தங்கின, டீக்கடைக்காரன் பாய்லரைத் தூக்க முடியாமல் அங்கேயே போட்டுவிட்டு இறங்கி வந்தான். அந்த வாரத்தில் ஒருநாள் காலை, பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்தில் கோகிலாவுக்கு வலி கண்டது.

மாதையன் ஓட்ட, பக்கத்தில் பேறுகாலத்துக்கு லீவு போட்டு வந்திருந்த சேட்டு, பின்னால் மெத்தையில் கோகிலா, அவள் தலையை மடியில் வைத்து அங்கம்மா. பிள்ளைவலியில் யார் போனாலும் வீட்டுக்கு ஒருவர் பின்னால் நடந்து வருவது தூளிக் காலத்திலிருந்து ஊரில் உள்ள பழக்கம், அன்றைக்கும் குடையும் சாக்குமாக நாற்பது பேர் வந்தார்கள். ஆறு வளைவும் வண்டி சிரமமில்லாமல் ஏறியது. ஏழாம் வளைவில் சக்கரம் தாருக்குள் இறங்கியது.

மாதையன் முதல் கியரைப் போட்டார், புகை வந்தது. நாற்பது பேரும் குறுக்குப்பாதையில் வந்து சேர்ந்து தள்ளினார்கள், வண்டி முன்னே போவதற்குப் பதில் கல்லின் பக்கம் ஒரு அடி நகர்ந்தது. கோகிலாவைத் தூக்கித் தூளி கட்டலாமென்று சேட்டு குனிந்தான், அந்த இடத்தில் அவளை ஒரு விரல் உயரம்கூடத் தூக்க முடியவில்லை. வலியில் அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்தாள்.

"அப்பா, இதே எடம்தானேப்பா?"

அதற்குப் பிறகு மாதையன் யாரையும் எதையும் கேட்கவில்லை. சேற்றில் முட்டி போட்டார். முழங்கால் உயரத்தில் கிடந்த பலகைக்கல்லுக்கு அடியில், கழிக்குத் தோள் கொடுத்தது போல, வலத்தோளைக் கொடுத்தார். இத்தனை பேர் வைத்த குவியலில் தன்னுடையது எது என்று தேட வேண்டியிருக்கவில்லை, தோளுக்கே தெரிந்தது. எழுந்தபோது தோள் நாலு விரல் கீழே இறங்கியிருந்தது, கூடவே இருபது வருஷத்துக்கு முந்தைய அந்தக் காலையும் வந்தது, தூளிக்குள்ளிருந்து "மெதுவாப் போங்க, மெதுவா" என்ற குரல் வந்தது, மாதையன் ஊர் பார்க்க வாய்விட்டு அழுதார்.

கல் ஒரு சாண் மேலே வந்தது.

அங்கம்மா வண்டியிலிருந்து இறங்கினாள். தலையைக் குனிந்து கொடுத்தாள், நிமிர்ந்தாள், வடக்கே திரும்பி, "டேய் ராசா, எங்கடா போன, சோறாவது தின்னியாடா" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். குழந்தையைப் பறிகொடுத்தவள் வந்தாள். சாட்சி மாற்றிச் சொன்னவன் இந்தத் தடவை எல்லோரும் பார்க்க வந்தான். பச்சமுத்து குனிந்து எழுந்து, கூட்டத்தில் நின்ற அண்ணனைப் பார்த்து, "நீதானா?" என்றார், பன்னிரண்டு வருஷக் கோபமும் முகத்தில் திரும்ப வந்தது, கோபத்தோடு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒவ்வொருவராகத் தங்களுடையதை எடுத்தார்கள், கல் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது, அன்றைக்கு வராதவர்களின் கனம் மட்டும் அதில் மிச்சமிருந்தது, ரோடு மெல்ல நிமிர்ந்து கொடுத்தது.

"மாமா, ஏறுங்க" என்று கத்தினான் சேட்டு.

"நான் ஏறினா வண்டி ஏறாது. அக்காவோட ஆறு வருஷக் கனத்தை அது தாங்கும், என் இருபது வருஷத்தையும் சேத்துத் தாங்காது. அக்கா, நீ ஏறு, அவளுக்குப் பொம்பளைத் துணை வேணும். சேட்டு, எட்டுல இருந்து ரெண்டாம் கியரை மாத்தாதே. ஒம்பதுல இடது ஓரம் அரிச்சிருக்கு, மலையை ஒட்டியே போ." சாவி வண்டியிலேயே இருந்தது. கையில் இருந்த துண்டை மகளின் தலைக்குக் கீழே மடித்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வண்டி முக்கியது, உறுமியது, ஏறியது. எட்டாம் வளைவில் அதன் சத்தம் கேட்டது, ஒன்பதில் கேட்டது, பிறகு மழைச் சத்தம்தான்.

மாதையன் நடந்தார். இந்தக் கனத்தோடு இந்த வழியை இருபது வருஷத்துக்கு முன்பும் நடந்திருக்கிறார், அன்றைக்குக் கழியில் நாலு தோள் இருந்தது, இன்றைக்கு ஒரே தோள்தான். எட்டாம் வளைவில் பெருமாயியின் சிரிப்பு வந்தது. ஒன்பதில் அவள் முருங்கைக்கீரை ஆய்கிற விரல் வந்தது. கணவாயில் காற்று அறைந்தபோது அவள் முகமே வந்தது, முழுசாக, காதோரத்துத் தழும்போடு. செல்போனில் மணி அடித்தது, எடுக்கவில்லை, எடுத்துவிட்டால் மிச்ச வழியை நடக்கக் கால் இருக்காது என்று தோன்றியது. இறக்கத்தில் ஒரு இடத்தில்கூடச் சாயாமல் இறங்கினார்.

ஆஸ்பத்திரியில் விளக்குப் போடுகிற நேரம். வார்டு வாசலில் சேட்டு நின்றிருந்தான், அவன் முகத்தைப் பார்க்க மாதையனுக்குத் தைரியம் வரவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். உள்ளே பச்சைக்குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. கட்டிலில் கோகிலா கண் விழித்துக்கொண்டிருந்தாள்.

"இடப்பக்கம்" என்றார் மாதையன். வேறு எதுவும் அவர் வாயில் முதலில் வரவில்லை. "உங்கம்மா பொட்டு எப்பவும் இடப்பக்கம் ஒரு அரிசி அளவு தள்ளித்தான் இருக்கும். நம்ம வீட்டுக் கண்ணாடியில நடுவுல விரிசல். தலையைச் சாச்சுப் பாத்து வெப்பா. நேரா வெச்சிருக்கிறதா நெனச்சுக்குவா. நானும் சொன்னதில்ல, அதுதான் அவளுக்கு அழகா இருந்துச்சு."

கோகிலா சிரித்தாள், சிரிக்கும்போதே கண் நிறைந்தது. நெற்றிப்பொட்டைப் பிய்த்து, ஒரு அரிசி அளவு இடப்பக்கம் தள்ளி ஒட்டிக்கொண்டாள். "பேத்தியைத் தூக்குங்கப்பா" என்றாள்.

வலத்தோளில் இடமில்லை. அங்கம்மா குழந்தையைத் துணியோடு எடுத்து அவருடைய இடத்தோளில் சாய்த்தாள், தலையைச் சரிபார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தம்பி, நேரா நிக்கிறடா" என்றாள்.

கட்டில் கால்மாட்டில் தொங்கிய சீட்டில் பிள்ளையின் எடை இரண்டே முக்கால் கிலோ என்று எழுதியிருந்தது. மாதையனின் இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருந்தன.